எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது

‘மைக் கெட்டுப்போச்சு’ என்று என் ஒலிப்பதிவு அறைக்கு வருகிறவர்களிடம், மைக்கைக் கேட்பதற்கு முன்னால் பில்லைக் கேட்பேன். பெரும்பாலும் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த துண்டுச் சீட்டு ஒன்று வரும். தலையில் ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்திருக்கும். கீழே பேனாவில் ‘மைக் 1, ஸ்பீக்கர் 2’, ஒரு தொகை, அதற்கடியில் ஒரு கோடு. கடைப் பெயர் இருக்காது, ஜிஎஸ்டி எண்ணும் இருக்காது.

விழுப்புரத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அப்படித்தான் வந்தார். சிறுவர்களுக்குக் கதை சொல்லிப் பதிவேற்ற வேண்டும் என்று சென்னைக் கடையொன்றில் கன்டென்சர் மைக்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கியிருக்கிறார். “பில் வேணாம்னா பதினெட்டு பர்சன்ட் மிச்சம் சார்” என்றார்களாம். ஐயா மிச்சம் பிடித்துவிட்டார். வீட்டில் வைத்துப் பேசினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, பின்னால் ‘உஸ்’ என்று இரைச்சல். ஸ்பீக்கரில் ஒன்று கரகரக்கிறது. நாலாம் நாள் கடைக்குப் போனால், “எங்க கடையில வாங்கினதுக்கு என்ன ஆதாரம்?”

“பிள்ளைங்க நோட்டுல ஒரு ஒற்று விட்டாலும் சுழிச்சவன் தம்பி நான். இந்தச் சீட்டைப் படிக்காம விட்டுட்டேன்” என்றார்.

மைக்கைச் சோதித்தேன். அதில் பழுதே இல்லை. கன்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பாண்டம் பவர் வேண்டும். அது ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்தோ மிக்ஸரிலிருந்தோ வர வேண்டும். அவரிடம் இரண்டும் இல்லை. மடிக்கணினியின் ஹெட்போன் துளையில் நேரே செருகியிருக்கிறார். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்பது ஒரு பக்கம். கேட்காமல் வாங்குகிற நம் அவசரம் இன்னொரு பக்கம்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் அறையைப் பார்க்க வேண்டும். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் எந்த மைக்கும் எதிரொலியைத்தான் பிடிக்கும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, கனமான ஜமக்காளத்தைப் பின்னால் தொங்கவிட்டுப் பேசினாலே பாதி வேலை முடிந்தது. தெருச் சத்தமும் மின்விசிறியும் உள்ள வீட்டுக்கு கன்டென்சர் வேண்டாம். அது பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் பதிவு செய்யும். டைனமிக் மைக் வாயருகே இருக்கிற குரலை மட்டும் நன்றாக வாங்கும், பாண்டம் பவரும் கேட்காது. தனியாகக் கதை சொல்ல ஒரு யுஎஸ்பி மைக் போதும். பாட்டும் வாத்தியமும் என்றால் ஒன்று அல்லது இரண்டு உள்ளீடு கொண்ட சிறிய இன்டர்ஃபேஸ் வாங்கலாம். மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, ஆடாசிட்டி இலவசம். காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்று அவசியம். ஸ்பீக்கர் கடைசியில்தான். எல்லோரும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

ஆசிரியர் வாங்கிய ஸ்பீக்கரின் பெட்டியில் ‘5,000 வாட் பிஎம்பிஓ’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிஎம்பிஓ என்பது ஒரு நொடியின் சிறு துணுக்கில் வரக்கூடியதாகக் காகிதத்தில் காட்டும் உச்சம். அதற்குப் பொது அளவுகோல் கிடையாது, யாரும் எதையும் அச்சடிக்கலாம். நீங்கள் தேட வேண்டியது ஆர்எம்எஸ் வாட். அது இல்லையென்றால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்குங்கள்: 24 வாட். உள்ளே போவதே 24 என்றால் வெளியே 5,000 எங்கிருந்து வரும்?

இதைச் சட்டமும் கேட்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘விளம்பரம்’ என்பதற்குள் பெட்டியின் லேபிளும் உறையும் அடக்கம். பெட்டியில் அச்சடித்த பொய்யும் தவறாக வழிநடத்தும் விளம்பரம்தான். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, இறக்குமதி என்றால் எந்த நாட்டில் செய்தது, புகாருக்கான தொடர்பு இவை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது சட்டமுறை எடையளவு விதிமீறல். தமிழ்நாட்டில் அதற்கான இடம் போலீஸ் ஸ்டேஷன் அல்ல. தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். பலருக்கு இது தெரியாது. தெரிவிக்க வேண்டியவர்களும் பெயர்ப்பலகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

போலிகளும் உண்டு. 1966லிருந்து மேடைகளில் புழங்கும் ஷூர் எஸ்எம்58க்கு எத்தனை நகல் என்று எண்ணி முடியாது. அசல் 298 கிராம். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலே சில போலிகளின் சாயம் வெளுத்துவிடும்.

இனி பில். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் ஒழுங்காகப் பில் போடும் கடைகள் எத்தனையோ உண்டு. கேட்டால்தான் போடும் கடைகளும் உண்டு. ஆகவே கேளுங்கள். ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’ என்ற தலைப்பு, 15 இலக்க ஜிஎஸ்டி எண் (தமிழ்நாட்டுக் கடை என்றால் 33இல் தொடங்கும்), தேதி, மாடல் பெயர் இருக்க வேண்டும். சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஜிஎஸ்டி எண் உயிரோடு இருக்கிறதா என்று ஜிஎஸ்டி தளத்தில் கடை வாசலிலேயே பார்க்கலாம். வாரண்டியைத் தருவது கம்பெனியின் இந்திய விநியோகஸ்தரா, கடைக்காரரின் வாய்ச்சொல்லா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் சில மாதங்களில் வெளிறிவிடும்; அன்றைக்கே நகல் எடுங்கள்.

பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி நியாயமற்ற வணிக நடவடிக்கை. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே; பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகை பழுதான பொருளுக்குச் செல்லாது. பலகையைப் பார்த்துத் திரும்பி வராதீர்கள்.

பழுது என்றால் பெட்டியை நீங்களே பிரிக்கக் கூடாது. தெருமுனை ரேடியோ கடைக்காரர் திருப்புளியோடு நின்றாலும் கூடாது. வழக்கு என்று போனால் நுகர்வோர் ஆணையம் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். பிரித்த பொருளுக்கு அங்கே மதிப்பில்லை. சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் சீரியல் எண்ணும் குறையும் எழுதிய ஜாப் ஷீட் வாங்காமல் நகராதீர்கள்.

பிறகு கடைக்கு ஒரு கடிதம். வாங்கிய தேதி, தொகை, குறை, என்ன வேண்டும், 15 நாள் அவகாசம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். ஆனால் அது சமரசம் பேசும் இடம், தீர்ப்புச் சொல்லும் இடம் அல்ல. அங்கே புகார் எண் வாங்கிவிட்டு இரண்டு வருடம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகும் கெடுவே அந்த இரண்டு வருடம்தான்.

ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்களோடு இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஒரு கண்ணி மட்டும் உண்டு. யூடியூபுக்காக, கச்சேரிக்காக வாங்கியது என்றால் ‘வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு கிளம்பும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறேன் என்றால் அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். அதற்குச் சட்டம் இடம் தருகிறது.

பில் இல்லாதவர் என்ன செய்வது? ஆசிரியர் நல்லவேளையாக யுபிஐயில் கட்டியிருந்தார். வங்கிக் கணக்கு விவரத்தில் கடைக்காரர் பெயர் இருந்தது. அதன் நகலை இணைத்துக் கடிதம் எழுதினோம். பத்தாம் நாள் கடையிலிருந்தே கூப்பிட்டு ஸ்பீக்கரை மாற்றித் தந்தார்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தோடு இணைக்க எங்களிடம் எதுவும் இருந்திருக்காது.

மாற்றிக் கொடுத்த ஸ்பீக்கருக்கும் முதலில் எஸ்டிமேட் சீட்டைத்தான் நீட்டினார்களாம். பில் வரும்வரை ஐயா கல்லா முன்னாலேயே நின்றிருக்கிறார். நீங்களும் நில்லுங்கள்.