மாட்டு வண்டியைப் படம் எடுக்காதீர்கள்!

பியாங்யாங்கில் இறங்கியதும் முதல் வேலையாக பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "கிளம்பும்போது தருவோம், பத்திரமா இருக்கும்" என்று சிரித்தார் கைடு அம்மணி. விசா தனி அட்டை. போகும்போது அதையும் வாங்கிக்கொள்வார்கள். வட கொரியா போனேன் என்று வீட்டில் நிரூபிக்கக்கூட ஆதாரம் கிடையாது!

இது 2016 செப்டம்பரில். பீஜிங்கிலிருந்து ஒன்பது பேர் போனோம். கைடுகள் இரண்டு பேர்: அந்த அம்மணி, கூடவே ஓர் இளைஞர். எந்தக் குழுவுக்கும் அங்கே இரண்டு பேர்தான். ஒருத்தர் நம்மைப் பார்த்துக்கொள்வார், இன்னொருத்தர் அவரைப் பார்த்துக்கொள்வார் என்று பீஜிங்கிலேயே காதில் போட்டிருந்தார்கள்.

ஹோட்டலை விட்டுத் தனியாக வெளியே போகக் கூடாது. தலைவர் படம் போட்ட பேப்பரை மடிக்கக் கூடாது. மான்சு குன்றில் அப்பா, மகன் இருவருக்கும் வெண்கலச் சிலை, 20 மீட்டருக்கு மேல் உயரம். வரிசையாக நின்று குனிந்து வணங்கவேண்டும். போட்டோ எடுத்தால் தலை முதல் கால் வரை முழுசாக விழவேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் இதற்காகத் தரையிலேயே படுத்துவிட்டார்!

தங்கியது தேதோங் ஆற்றின் நடுவே ஒரு தீவில், 47 மாடி யாங்காக்டோ ஹோட்டல். லிஃப்டில் நாலுக்கு அப்புறம் ஆறு. ஐந்தாம் நம்பர் பொத்தானே இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காரணம் உண்டு. அந்த ஹோட்டலில் பிரசாரப் பதாகையைத் திருட முயன்றார் என்று ஓட்டோ வார்ம்பியர் என்ற அமெரிக்க மாணவரை அந்த வருஷம் ஜனவரியில்தான் பிடித்திருந்தார்கள். மார்ச்சில் 15 வருஷம் தண்டனை. 2017 ஜூனில் நினைவில்லாமல் ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் இறந்துபோனார். வயது 22.

மெட்ரோ ரயிலுக்கு எஸ்கலேட்டரில் இறங்கினோம்... இறங்கினோம்... இறங்கிக்கொண்டே இருந்தோம். சுமார் 100 மீட்டர் ஆழம். பாதாளத்தில் பளிங்குத் தூண்கள், சரவிளக்குகள்! பெட்டிகள் மட்டும் பெர்லினில் ஓடிக் களைத்த பழைய சரக்கு. ஜன்னல் கண்ணாடியில் யாரோ ஜெர்மன் பையன் கீறிய கிறுக்கல் அப்படியே இருந்தது. பயணிகளெல்லாம் நமக்காக ஏற்பாடு செய்த நடிகர்கள் என்று ஒரு வதந்தி உண்டு. எதிரே ஒரு சின்னப் பையன், அம்மா தோளில் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தான். சிவாஜியாலும் அப்படி நடிக்க முடியாது!

மூன்றாம் நாள் பஸ்ஸில் கேசோங் போனோம். அகலமான நெடுஞ்சாலை, ஆனால் வண்டியே காணோம். தூரத்தில் வயல் ஓரமாக ஒரு மாட்டு வண்டி. நம்ம ஊர் ஞாபகம் வர, 'க்ளிக்' செய்தேன்.

கைடு அம்மணி பக்கத்தில் வந்தார். "அதை அழிச்சிடுங்க ஸார்."

"எங்க ஊர்லயும் மாட்டு வண்டி இருக்கும்மா. இதில் என்ன கேவலம்?"

"ப்ளீஸ்."

குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. அவர் பார்வை என் மேல் இல்லை, முன் சீட்டில் உட்கார்ந்திருந்த இளைஞரின் முதுகில் இருந்தது.

"கார்டை மாத்தி வெச்சுக்குங்க, யாருக்குத் தெரியும்?" என்று கிசுகிசுத்தார் பக்கத்து சீட்டுக்காரர். திரும்பும்போது எல்லையில் கேமராவைப் பார்ப்பார்கள். அகப்பட்டால் என்னைத் திட்டி அனுப்பிவிடுவார்கள். நான் ஊர் வந்து சேருவேன். பதில் சொல்லவேண்டியவர் அங்கேயே இருப்பார். அவர் கண் முன்னாலேயே அழித்தேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

2020 ஜனவரியில் கொரோனாவுக்காக எல்லையை இழுத்து மூடினார்கள். 2024 பிப்ரவரியில்தான் முதலில் ரஷ்யர்களை உள்ளே விட்டார்கள். டூரிஸ்டே இல்லாத அந்த நாலு வருஷமும் அந்த அம்மணி என்ன வேலை பார்த்தாரோ!

கடைசி நாள், ஜூச்சே கோபுரத்தின் உச்சி. 105 மாடி ர்யுக்யோங் ஹோட்டல் பிரமிட் மாதிரி மின்னியது. 1987-ல் ஆரம்பித்தது. இன்று வரை ஒரு விருந்தாளிகூடத் தங்கியதில்லை. மற்றவர்கள் மறுபக்கம் போயிருந்தார்கள். அம்மணி மெல்ல என் அருகில் வந்தார்.

"உங்க ஊரில் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசுவீங்களாமே? ஒரு டூரிஸ்ட் சொன்னார். நிஜமா?"

"நிஜம்தான். தை மாசம் மாட்டுக்குன்னே ஒரு பண்டிகை. மாலையெல்லாம் போட்டு..."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மாடு ஒத்துக்குமா?" என்றார்.

பின்னால் காலடிச் சத்தம். இளைஞர்.

"இந்தக் கோபுரத்தின் உயரம் 170 மீட்டர்" என்றார் அம்மணி, அதே மூச்சில். "1982-ல் தலைவரின் எழுபதாவது பிறந்த நாளுக்குக் கட்டியது. நாளுக்கு ஒன்றாக மொத்தம் 25,550 கற்கள்..."