காஞ்சிபுரம் போறீங்களா? காலைக் கவனியுங்க!

சென்னையில் கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, ஒரே நாளில் போய்த் திரும்பக் காஞ்சிபுரத்தை விடச் சௌகரியமான ஊர் கிடையாது. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சுமார் 75 கிலோமீட்டர். ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து, போக வர 165 என்று வையுங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டியென்றால் 11 லிட்டர் பெட்ரோல். சுங்கச்சாவடிக்குக் கொஞ்சம். புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனால், பட்டுப்புடவைக் கடைப் பக்கம் திரும்பாத வரைக்கும் செலவு கைக்கு அடக்கம்தான்!

ஆனால், திங்கட்கிழமை என்னைத் தேடி வருகிறவர்களில் சிலர், முதல் நாள் இப்படி ஜாலியாகப் போய் வந்தவர்கள். வாந்தி, நீர்க்கடுப்பு, உள்ளங்காலில் கொப்புளம். மூன்றுமே தவிர்க்கக் கூடியவை.

கொப்புளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் என்றால் கோயில். கோயிலென்றால் வெறுங்கால். தரையோ கருங்கல்! கோடையில் பதினோரு மணிக்கு மேல் கால் வைத்தால் நீங்களும் நானும் துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடிவிடுவோம். பல வருடமாகச் சர்க்கரை வியாதி உள்ள தாத்தாவுக்குக் கால் மரத்துப் போயிருக்கலாம். சுடுவதே தெரியாமல் சாவகாசமாகப் பிரகாரம் சுற்றி வருவார். சாயங்காலம் கொப்புளம், அது உடைந்து புண், புண் ஆறாமல் விரலையே எடுக்க வேண்டிய நிலைமை வரைக்கும் போவதுண்டு.

புறப்படும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கால் விரல்களின் நுனியை உங்கள் விரலால் லேசாகத் தொடுங்கள். எந்த விரல் என்று சொல்லத் தெரியவில்லையா? தடித்த பருத்திக் காலுறை போட்டுவிடுங்கள். அதை மட்டும் நம்பி வெயில் தரையில் விட்டுவிடாதீர்கள்; நிழலிலேயே நடத்திக் கூட்டிப் போங்கள். கொப்புளம் வந்தே விட்டால் மஞ்சள், எண்ணெய், மை என்று எதையும் தடவ வேண்டாம். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இதற்காகத்தான் காலை ஐந்தரைக்கே கிளம்பச் சொல்கிறேன். திறந்த வெளியான கைலாசநாதர் கோயிலை வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம். ராஜசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய மணற்கல் கோயில், நுழைவுக் கட்டணம் கிடையாது. கருவறையைச் சுற்றியுள்ள குறுகலான வழியில் தவழ்ந்து நுழைந்து தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். முழங்கால் வலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் வெளியில் நின்றே கும்பிடலாம், புண்ணியம் குறையாது! அடுத்து ஏகாம்பரநாதர், நீண்ட தூண் பிரகாரங்களில் நல்ல நிழல். மதியம் 12 முதல் 4 வரை பெரும்பாலும் நடை சாத்தியிருக்கும். வரதராஜரை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே புகழ்பெற்றது குடலை இட்லி. மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேக வைப்பது. உளுந்து வாயு என்று பயப்படுகிறீர்களா? சுக்கு, மிளகு, சீரகம் மூன்றையும் மாவிலேயே சேர்த்துவிட்டார்கள், கெட்டிக்காரர்கள்!

நீர்க்கடுப்பு பெரும்பாலும் பெண்களுக்குத்தான். வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள், வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். சித்த மருத்துவம் அடக்கக் கூடாதென்று சொல்லும் பதினான்கு வேகங்களில் சிறுநீரும் ஒன்று. பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம் என்னத்துக்கு? வண்டி ஓட்டுகிற ஆண்களே, நீங்களாகவே நிறுத்துங்களேன்!

குழந்தைகள் வாந்தி எடுத்தால், கையிலிருக்கும் செல்போனை முதலில் வாங்கி வையுங்கள். ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்க்கட்டும். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. பெரியவர்கள் ஒரு துண்டு இஞ்சியை மெல்லலாம். வெயிலில் நிற்கிற காருக்குள் தூங்குகிற குழந்தையை 'அஞ்சு நிமிஷம்தானே' என்று விட்டுவிட்டுப் போகவே கூடாது. இன்சுலினையும் அப்படி வைக்காதீர்கள்.

அன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டாம். எண்ணெய் முழுக்கும் வெயிலில் அலைச்சலும் ஒத்துவராது. ராத்திரி வீடு திரும்பியதும் தாத்தாவின் காலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீரின் சூட்டை அவர் காலை விட்டுப் பார்க்க வேண்டாம். நீங்கள் கையை விட்டுப் பாருங்கள்.