தாள் மடிப்பும் கேத்திரகணிதமும்

கைப்பணி வேறு, கணிதம் வேறு எனப் பாடவேளைகளைப் பிரித்து வைத்திருக்கின்றோம். முன்னது பொழுதுபோக்கு என்றும், பின்னது கூரிய மதியினர்க்கே உரியது என்றும் மாணவர் எண்ணிவிடுகின்றனர். லயத்து வீட்டிலிருந்து வரும் பிள்ளையோ, கவராயமும் பாகைமானியும் தன்னிடம் இல்லையே எனக் கருதிக் கேத்திரகணிதத்தை விட்டே ஒதுங்கிவிடுகின்றது. இப்பிரிவு தகாதது என்பதை ஒரு தாளைக் கொண்டே காட்டலாம்.

தாள் மடிப்பால் கேத்திரகணிதம் கற்பிக்கும் நெறியை விரிவாக எழுதியவர் தண்டலம் சுந்தர ராவ். அவர் ஆங்கிலத்தில் இயற்றிய நூல் 1893ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்தது. பாலர் கல்வியில் வழங்கிய வண்ணத்தாள் மடிப்புப் பயிற்சியே தம் நூலுக்கு வித்து என முன்னுரையில் அவர் கூறுகின்றார். செர்மானியக் கணித மேதை பீலிக்ஸ் கிளைன் அந்நூலைக் குறிப்பிட்டார். 1901இல் அது சிக்காகோ நகரிலும் பதிப்பிக்கப்பெற்றது.

அந்நெறிக்கு ஏற்றதோர் உதாரணம் நம் மலைநாட்டிலேயே உண்டு. வைகாசிப் பூரணையில் அற்றன், நுவரெலியா நகர்களின் வீதிகளில் வெசாக் கூடுகள் ஒளிர்வதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவற்றுட் பெருவழக்காயுள்ளது, சிங்கள மக்கள் ‘அட்டபட்டம’ என வழங்கும் கூடாகும். ஒரே அளவான இருபத்துநான்கு மூங்கிற் குச்சிகளால் ஆறு சதுரங்கள் கட்டி, அவற்றை மூலையோடு மூலை இணைப்பர். இணைத்து முடிந்ததும், எவரும் தனியே செய்யாத எட்டுச் சமபக்க முக்கோணிகள் இடையிடையே தாமே தோன்றிவிடும்!

சதுரங்களுக்குத் தாள் வெட்டுதல் எளிது. முக்கோணிக்கு என் செய்வது? குச்சியின் நீளமே பக்கமாகவுள்ள சதுரத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் கீழ் மூலைகள் அ, ஆ எனக் கொள்வோம். ஆ மூலை அ மூலையோடு பொருந்த, தாளை நிலைக்குத்தாக இரண்டாய் மடித்து விரிக்க. பின்னர் அ மூலை அசையாதிருக்க, ஆ மூலையைத் தூக்கி அந்த நடுமடிப்பின்மேற் படும்படி மடிக்க. படும் புள்ளி இ ஆகுக. அவ்விடத்தைக் குறித்து, விரித்து, அ, ஆ, இ மூன்றையும் இணைத்து வெட்டினால் சமபக்க முக்கோணி கிடைக்கும்.

காரணம் யாது? அஆ என்னும் விளிம்பே திரும்பி அஇ ஆயிற்று. ஆதலின் அவை இரண்டும் சமன். நடுமடிப்பிலுள்ள எப்புள்ளியும் அ, ஆ இரண்டிற்கும் சமதூரத்தது. ஆதலின் இஅ, இஆ இரண்டும் சமன். எனவே மூன்று பக்கமும் சமன். கவராயமின்றியே தேற்றம் நிறுவப்பட்டது. முக்கோணியும் கூட்டிற் பிசகின்றிப் பொருந்தும்.

இன்னுமொன்று. கூட்டின் ஒவ்வொரு மூலையிலும் இரு சதுரங்களும் இரு முக்கோணிகளும் கூடுகின்றன. கோணங்களின் கூட்டுத்தொகை 300 பாகை. தட்டையாய்க் கிடக்க 360 வேண்டும். குறைந்த 60 பாகையே தாளை வளைத்துக் கூடாக்குகின்றது. பன்னிரண்டு மூலைகளிலும் குறைவு 720 பாகை. கனசதுரத்திற் கணக்கிடுக: எட்டு மூலைகள், ஒவ்வொன்றிலும் 90 பாகை குறைவு, அதுவும் 720. தட்டை முகங்களாலான குவிந்த திண்மம் எதனை எடுப்பினும் இவ்வெண் மாறாது. பதினேழாம் நூற்றாண்டிற் பிரான்சிய அறிஞர் தெக்காட்டு கண்ட உண்மை இது.

இத்தனைக்கும் வேண்டியவை பழைய அப்பியாசக் கொப்பித் தாள்களும் ஒரு கத்தரிக்கோலுமே. ஆசிரியராய் அமர்ந்துள்ள பழைய மாணவர்கள் தத்தம் பாடசாலைகளில் கைப்பணி வேளையையும் கேத்திரகணித வேளையையும் ஒருமுறையேனும் ஒன்றாக்கிப் பார்ப்பாராக. தன் கையால் முக்கோணியை மடித்த பிள்ளை, கணிதம் தனக்கு எட்டாது என இனி ஒருகாலும் சொல்லாது.