கீரி வந்துபோன கூட்டுக்குக் கோழி ஏன் திரும்ப மறுக்கிறது?

"எங்க வீட்டுக் கோழி கூட்டுக்குள்ளேயே போகமாட்டேங்குது, ஏன் மாமா?" என்று கேட்கிற பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோழி அடம்பிடித்தால் பெரியவர்கள் துரத்திப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். நின்று, "ஏன்?" என்று கேட்பது நீங்கள்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள்! வாருங்கள், அந்தக் கேள்விக்குள் போவோம்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று தாமிரபரணிக் கரை ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். அதைத் தாண்டினால் வாழைத்தோட்டமும் வயலும். கீரிப்பிள்ளைக்கு அருமையான இடம். வாழைச் சருகுக்குள் ஒளியலாம், வரப்பில் எலி பிடிக்கலாம். பக்கத்துக் கொல்லையில் கோழி மேய்ந்தால் அதையும் ஒரு கை பார்க்கும்.

அப்படி ஒரு கீரி கூட்டுக்குள் புகுந்து ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு பெட்டைக்கோழி வால் இறகு பறிபோக, உயிரோடு தப்பிவிட்டது. நமக்கு வேண்டியது அந்தத் தப்பிய கோழி.

வால் போய்விட்டதே என்று அழாதீர்கள். கடும் பயம் வரும்போது பல பறவைகளின் இறகு சட்டென்று கழன்று கொடுத்துவிடும். பிடித்த விலங்கின் வாயில் இறகு மட்டும் மிஞ்சும். பறவை ஓடிவிடும். சில வாரங்களில் புது இறகு முளைத்துவிடும்.

சில கோழிகள் ஓடாது. செத்ததுபோல் அசையாமல் கிடக்கும். 1646இல் ரோம் நகரில் அதனாசியஸ் கிர்ச்சர் என்ற அறிஞர் இதைப் பற்றி எழுதினார். கோழியைத் தரையில் படுக்கவைத்து, அதன் முன்னால் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார். கோழி அசையவில்லை. கோடுதான் அதைக் கட்டிப்போட்டது என்று பலர் நினைத்தார்கள். கோட்டில் ஒன்றுமே இல்லை. பிடிபட்ட பயம்தான் அதை உறைய வைத்தது. ஒரு கோழி எவ்வளவு நேரம் அப்படிக் கிடக்கிறது என்பதை வைத்து, அதற்கு எவ்வளவு பயம் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் அளக்கிறார்கள். அதனால் அசையாமல் கிடக்கும் கோழியைப் பார்த்ததும் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

பயம் வரும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது? பள்ளிக்கூட மணி அடித்ததும் எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுகிறீர்களே, அதுதான் நடக்கிறது. மூளை மணி அடிக்கிறது. சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் சின்னச் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிகோஸ்டிரோன் என்ற சுரப்புநீர்களை இரத்தத்தில் கலக்கின்றன. சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 250 தடவைக்கு மேல் துடிக்கிற இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு இரைக்கிறது. மணி ஒரு நொடியில் அடித்து ஓய்ந்துவிடும். ஆனால் வகுப்பு அடங்க நேரம் ஆகுமல்லவா? கோழிக்கும் அப்படித்தான்.

இதுவரை புரிகிறதா? புரியாவிட்டால் மேலே போய் இன்னொரு தடவை படியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

தப்பிய கோழிக்கு நாம் செய்ய வேண்டிய முதல் வேலை, காயம் பார்ப்பது. வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இறக்கையோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் இறகை விலக்கிப் பார்க்க வேண்டும். பல் பட்ட இடம் வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும். உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும், அதில் கிருமியும் இருக்கும். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். ஆகவே கடி இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். கால்நடைகளுக்கான அவசர உதவி எண் 1962. நெல்லைக்குப் பக்கத்தில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கோழியைத் தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

காயம் பட்ட கோழியைப் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து, மேலே பாதி மூடும்படி சாக்கு போடுங்கள். உள்ளே தண்ணீரும் கொஞ்சம் குருணையும் வையுங்கள். பஞ்சாரத்தை மற்றக் கோழிகள் மேயும் இடத்திலேயே வையுங்கள். ஏன் தெரியுமா? கோழிக் கூட்டத்தில் யார் முதலில் கொத்துவது, யார் ஒதுங்குவது என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் ஷெல்டெரப்-எப்பே இதை 1921இல் எழுதினார். அவர் சின்னப் பையனாக இருந்தபோதே கோழிகளை உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெடுத்தவர். உங்களைப்போல ஒரு பிள்ளைதான்! ஒரு கோழியைக் கண்ணில் படாமல் பல நாள் பிரித்துவைத்தால், திரும்பி வரும்போது அந்த வரிசைக்காக மறுபடி சண்டை போட வேண்டியிருக்கும். பயந்த கோழிக்கு அது இரட்டைத் தண்டனை. அதற்காக இரத்தம் தெரியும் கோழியைக் கூட்டத்துக்குள் விட்டுவிடவும் கூடாது. சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்தும். அதனால்தான் பஞ்சாரம்: கண்ணுக்குத் தெரியும், அலகுக்கு எட்டாது.

இப்போது துப்பறியும் வேலை. வந்தது கீரிதானா, வேறு யாராவதா? பகலில் வந்தால் கீரியாக இருக்கலாம். இரவில் வந்தால் மரநாயோ காட்டுப்பூனையோ இருக்கலாம். தெருநாய் எந்த நேரமும் வரும். சாயங்காலம் கூட்டைச் சுற்றிச் சலித்த சாம்பலைத் தூவி வையுங்கள். காலையில் தடத்தைப் பாருங்கள். நான்கு விரல், நகக்குறி இல்லை என்றால் பூனை. நான்கு விரலோடு நகக்குறியும் இருந்தால் நாய். ஐந்து விரல் தெரிந்தால் கீரி அல்லது மரநாய்.

யார் என்று தெரிந்ததும் கண்ணி வைக்கக் கிளம்பிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். அதோடு, வயல் எலியையும் பாம்பையும் பிடிக்கிற பிராணி அது. நம் கூட்டில் இருக்கும் ஓட்டையை அடைப்பதுதான் நம் வேலை. கரையோர மண் பொலபொலவென்று இருக்கும், கீரி எளிதாகத் தோண்டிவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை ஓர் அடி ஆழத்துக்குப் புதைத்து, மேலே கல் பாவச் சொல்லுங்கள். கதவுக்குக் கயிறு போதாது, கொண்டி வேண்டும்.

ஓட்டையை அடைத்தாயிற்று. கோழி உள்ளே போகுமா? உடனே போகாது. ஆபத்து நடந்த இடத்தை அது மறக்கவில்லை. முருங்கைமரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதை முட்டாள்தனம் என்று சொல்லும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. போன தடவை அந்தக் கூட்டுக்குள் உயிர் போகப் பார்த்ததே! ஓட்டையை நாம் அடைத்தது அதற்கு எப்படித் தெரியும்?

கோழி எவ்வளவு கவனமான பறவை என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். 1993இல் கிறிஸ்டோபர் எவன்ஸ், பீட்டர் மார்லர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் சேவல்களின் எச்சரிக்கைக் குரலைப் பதிவு செய்து பெட்டைக்கோழிகளுக்குப் போட்டுக்காட்டினார்கள். வானத்துப் பருந்துக்கு ஒரு குரல். தரையில் வரும் விலங்குக்கு வேறு குரல். பருந்துக் குரலைக் கேட்ட கோழிகள் மறைவுக்கு ஓடின, பதுங்கின, மேலே பார்த்தன. தரை விலங்கின் குரலைக் கேட்டவை கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று சுற்றும் முற்றும் பார்த்தன. பருந்தும் அங்கே இல்லை, விலங்கும் இல்லை! குரல் மட்டுமே போதுமாக இருந்தது. இப்படிப்பட்ட பறவையை நாம் துரத்தித் துரத்திப் பிடித்தால், அதன் கணக்கில் நாமும் கீரியோடு சேர்ந்துவிடுவோம்.

எனவே துரத்தாதீர்கள். பொழுது சாயட்டும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அடங்கி உட்கார்ந்திருக்கும். அப்போது மெல்ல எடுத்து, கூட்டுக்குள் அதன் பழைய தோழிக்குப் பக்கத்தில் வையுங்கள். தினமும் அதே நேரத்தில், அதே ஆள், அதே "பா... பா..." குரலில் கூட்டு வாசலில் கம்போ குருணையோ போடுங்கள். ஒரு கைப்பிடிக் கறையான் கிடைத்தால் இன்னும் விசேஷம். கொஞ்ச நாள் முட்டை வராது. ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும், பயந்த உடம்பு அந்த வேலையைத் தள்ளிப்போடும். தோடு மெல்லிசாகவோ சொரசொரப்பாகவோ வந்தாலும் திட்டாதீர்கள்.

பயம் விலகியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மண்குளியலைப் பாருங்கள். கோழி மண்ணில் படுத்து, இறக்கைக்குள் புழுதியை வாரிப் போட்டு, கண் சொக்கக் கிடக்கும். அந்த நேரத்தில் எதிரி வந்தால் எழுந்து ஓடத் தாமதமாகும். பயந்த கோழி அப்படிப் படுக்கத் துணியாது. நடுக்கொல்லையில் மண்குளியல் போடத் தொடங்கிவிட்டால், உங்கள் கோழி தேறிவருகிறது. அந்தத் தேதியை நோட்டில் குறித்துவையுங்கள். அதற்குப் பிறகும் சில வாரங்கள் புதுக்கோழி எதையும் வாங்கிவந்து உள்ளே விட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.