நலமாகத் தோன்றிய சமையற்காரி

மாணவர்களே! நோயின் அறிகுறி சிறிதுமில்லாதவர் நோயைப் பரப்புதல் கூடுமோ? கூடும். நியூயார்க் நகரில் மேரி மாலன் என்னும் சமையற்காரியின் உடலில், அவரே அறியாமல், டைபாய்டு கிருமிகள் குடிகொண்டிருந்தன. செவ்வையாகக் கழுவாத கையின் வழியே அவை உணவிற் கலந்தன. கொதிக்கும் உணவில் அவை மடியும். சமைக்காது உண்பவற்றில் பிழைத்திருக்கும்.

1907-இல் அவரைத் தனிமைப்படுத்தினர். இனிச் சமைப்பதில்லை என்னும் உறுதியின்மேல் 1910-இல் விடுவித்தனர். துணி வெளுக்கும் வேலையில் வருவாய் குறைவு. ஆகவே, பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அடுப்படி புகுந்தார். 1915-இல் ஒரு மருத்துவமனையில் 25 பேர் நோயுற்றனர், இருவர் மாண்டனர்.

இவ்வாறு மறைந்திருக்கும் நோயைக் கண்டறியவே, உணவகப் பணியாளர் ஆண்டுக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமென நம் நாட்டின் 2011-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பிழைப்புப் போய்விடுமென அஞ்சுபவரோ நோயை மறைப்பர். ஆதலின், குணமடையும்வரை ஊதியத்தோடு ஓய்வளிப்பது முதலாளியின் கடமை. கழிப்பிடம் சென்று வந்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவது பணியாளரின் கடமை.