ஒளியும் ஒரு மருந்து

நோயைத் தீர்க்க மருந்து உண்டு; அறுவைக் கத்தியும் உண்டு. வெறும் ஒளியாலும் தீர்க்கலாம் என்றால் நம்புவீர்களா? 1903ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அதற்காகவே வழங்கப்பட்டது. பெற்றவர் டென்மார்க்கில் பணியாற்றிய மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன்.

காசநோய்க் கிருமி நுரையீரலை மட்டுமன்றித் தோலையும் தாக்கும். முகத்தை அரித்து உருக்குலைக்கும் அந்நோய்க்கு அன்று தக்க மருந்து இல்லை. ஃபின்சன் கோப்பன்ஹேகன் நகரில், கார்பன் வில்விளக்கின் ஒளியை வில்லைகளால் குவித்துப் புண்ணின்மீது பாய்ச்சினார். தோல் வெந்துவிடாதபடி ஒளியை நீரின் ஊடே செலுத்தி வெப்பத்தைக் குறைத்தார். குருதி ஒளியை உறிஞ்சிவிடும் அல்லவா? ஆகவே குவார்ட்ஸ் தகட்டால் தோலை அழுத்தி, அவ்விடத்துக் குருதியை விலக்கினார். பலர் குணமடைந்தனர்.

புற ஊதாக் கதிர்களே கிருமியைக் கொன்றன என்று ஃபின்சன் கருதினார். ஆனால், 2005இல் டேனிஷ் ஆய்வாளர்கள் அவருடைய பழைய கருவிகளைச் சோதித்தபோது வியப்பு காத்திருந்தது. கிருமிகளைக் கொல்வதில் வல்லவை ஏறத்தாழ 260 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர்கள். (ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர்.) அக்கருவிகளிலிருந்தோ 340 நானோமீட்டருக்குக் குறைந்த கதிர்கள் வெளிவரவே இல்லை!

அப்படியானால் கிருமியைக் கொன்றது எது? காசநோய்க் கிருமி போர்ஃபைரின் என்னும் நிறமியைத் தானே உண்டாக்குகிறது. இந்நிறமி 400 நானோமீட்டர் அளவிலான ஊதா ஒளியை நன்கு உறிஞ்சும். உறிஞ்சிய ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கும். ஆற்றல் பெற்ற ஆக்சிஜன் கிருமியின் சவ்வையும் புரதங்களையும் சிதைக்கும். ஃபின்சனின் வெற்றிக்கு இதுவே காரணமாகலாம் என்றனர் ஆய்வாளர்கள்.

கிருமியிடம் போதிய நிறமி இல்லையென்றால்? வெளியிலிருந்து சாயத்தை ஊட்டலாம். ஈறு நோயில் மெத்திலீன் நீலச் சாயத்தைத் தடவிச் சிவப்பு ஒளி பாய்ச்சும் முறை இன்று வழக்கில் உள்ளது.

இதில் ஒரு பெரும் நன்மை உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெரும்பாலும் கிருமியின் ஏதேனும் ஓர் உறுப்பையே குறிவைக்கும். அவ்வுறுப்பை மாற்றிக்கொண்டு கிருமி தப்பிவிடும். கிளர்ந்த ஆக்சிஜனோ ஒரே சமயத்தில் பல இடங்களைத் தாக்குகிறது. எனவே எதிர்ப்புத்திறன் பெறுவது கிருமிக்கு எளிதன்று. மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிவரும் இந்நாளில் இது முக்கியமல்லவா?

ஆயினும் ஒளிக்கு எல்லை உண்டு. நீல ஒளி தோலுக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழமே செல்லும். நுரையீரல் காசநோய்க்கு மருந்துகளே கதி. அவற்றை நிறுத்திவிட்டு வெயிலில் நிற்பதால் பயனில்லை. ஒளி எட்டும் இடத்தில்தான் ஒளி மருந்தாகும்.