தெருக்குட்டி திண்ணை ஏறும்போது

கோயில் வாசலென்றால் தேங்காய்ச் சில்லு இருக்கும். சில்லுக்குக் காத்திருக்கும் நாயும் இருக்கும். சித்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள காணிப்பாக்கமும் அப்படித்தான். வரசித்தி விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் குடும்பத்தில் ஏதாவது ஒரு பிள்ளை, கடைப் பலகைக்கு அடியில் சுருண்டு கிடக்கும் குட்டியைப் பார்த்துவிடும். அப்புறம் அழுகை, பேரம், அப்பாவின் பெருமூச்சு, கடைசியில் ஓர் அட்டைப்பெட்டி.

வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரத்தில் வழக்கமாக என்ன நடக்கும்? குழாயடியில் குளியல், கிண்ணம் நிறையப் பால், நாலைந்து பிஸ்கட், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் படையெடுப்பு. எல்லாம் பிரியத்தில் செய்வதுதான். ஆனால் இதில் எதுவும் அன்றைக்குத் தேவையில்லை. சின்னக் குட்டிக்கு உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் திறமை குறைவு, நனைந்தால் விறைத்துப்போகும். பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றால் போகும். ஏற்கெனவே மெலிந்திருக்கும் குட்டி கழிச்சலில் இன்னும் வற்றிவிடும். முதல் நாள் அதற்கு வேண்டியது ஒரு மூலை, உலர்ந்த கோணிப்பை, தண்ணீர், தூக்கம். குட்டிகள் ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேலும் தூங்கும். தூங்கட்டும்.

தெருக்குட்டிக்குப் பிறந்த நாள் தெரியாது. பல்லைப் பார்த்து வயதைச் சொல்லலாம். மூன்றாவது வாரத்தில் பால்பல் முளைக்கத் தொடங்கும், இரண்டு மாதத்துக்குள் 28ம் வந்துவிடும். நான்கு மாதத்தை ஒட்டி முன்பற்கள் விழுந்து நிரந்தரப் பல் வரும். ஏழு மாதத்தில் 42 பற்களும் நிறைந்திருக்கும். வயது தெரிவது முக்கியம். பூச்சி மருந்து, தடுப்பூசி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு.

சாப்பாட்டில் நம் வீட்டுக்காரர்கள் அநாவசியமாகக் குற்ற உணர்ச்சி கொள்கிறார்கள். நாய் இறைச்சி தின்னும் பிராணி, அதற்குச் சோறு போடலாமா என்று கேட்பார்கள். 2013ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொன்னது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளாகத்தான் இருக்கிறது. நாயிடம் நான்கிலிருந்து முப்பது வரை. மனிதனோடு சேர்ந்து தானியம் தின்றே நாய் நாயாகியிருக்கிறது. எனவே குழைந்த சோறும் தயிரும் அவித்த முட்டையும் நல்ல தொடக்கம். சோறு மட்டுமே என்றிருக்கக் கூடாது, வளரும் குட்டிக்குப் புரதம் வேண்டும். பட்டினி கிடந்த குட்டிக்கு ஒரே வேளையில் வயிறு முட்டப் போடவும் கூடாது. அதே அளவை நான்கு வேளையாகப் பிரித்துப் போடுவது நல்லது.

இந்தப் பக்கத்துக்கே உரிய இரண்டு ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று லட்டு. திருப்பதி லட்டில் உலர்திராட்சை உண்டு, சர்க்கரைப் பொங்கலிலும் உண்டு. திராட்சை, பச்சையோ உலர்ந்ததோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடியது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று அண்மை ஆண்டுகளில் சந்தேகிக்கிறார்கள். எவ்வளவு தின்றால் ஆபத்து என்பது நாய்க்கு நாய் மாறுவதால், பிரசாதத்தில் நாய்க்குப் பங்கு வேண்டாம். இன்னொன்று மாங்கொட்டை. சித்தூர் மாவட்டத்தில் மாம்பழக் காலத்தில் கொட்டைக்கா பஞ்சம்! சப்பிச் சப்பி விழுங்கிவிட்டால் அது குடலில் போய் அடைத்துக்கொள்ளும், அறுவைதான் வழி. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. மிச்சக் குழம்பை ஊற்றிப் பிசைந்து போடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

முதல் ஓரிரு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இப்போது 2005ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. மருத்துவர் முதலில் குட்டியின் உதட்டை விலக்கி ஈற்றைப் பார்ப்பார். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். வெள்ளைத் தாள்போல் இருந்தால் ரத்தம் எங்கோ போகிறது என்று பொருள்.

எங்கே போகிறது? தெருக்குட்டி விஷயத்தில் பெரும்பாலும் இரண்டு திருடர்கள். உள்ளே கொக்கிப்புழு, வெளியே உண்ணி. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும், உருண்டைப்புழு கருப்பையிலேயே. அதனால்தான் இரண்டு வார வயதிலேயே பூச்சி மருந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திரும்பக் கொடுக்கச் சொல்கிறார்கள். புழு கண்ணில் படவில்லையே என்று மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

உண்ணி கொஞ்சம் சூட்சுமமான ஆசாமி. நம் ஊர் நாய்களில் காணும் பழுப்பு உண்ணி, வாழ்க்கையின் மூன்று கட்டங்களிலும் நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டு உதிர்ந்துவிடும். மற்ற நேரமெல்லாம் அதன் குடியிருப்பு நம் சுவர்தான். வயிறு புடைத்த பெண் உண்ணி சுவர் ஏறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். குஞ்சுகள் நாய்க்காகக் காத்திருக்கும். வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு, போன மாதம் போட்டேன், திரும்ப வந்துவிட்டதே என்று மருந்தைத் திட்டுபவர்கள் படுக்கும் இடத்துச் சுவர் விரிசலைப் பூசினார்களா என்று கேட்டுப்பாருங்கள். உண்ணியை நகத்தால் நசுக்கக் கூடாது. இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது தோலைப் புண்ணாக்கும். நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

உண்ணி கடிப்பதைவிட அது கொண்டுவரும் கிருமிதான் பெரிய தொல்லை. எர்லிக்கியா, பாபேசியா என்பவை ரத்த அணுக்களில் குடியேறும். காய்ச்சல், சோர்வு, மூக்கில் ரத்தம், டிகாக்‌ஷன் நிறச் சிறுநீர் எல்லாம் அதன் அடையாளங்கள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தால் பல சமயம் அகப்பட்டுவிடும். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ வலி மாத்திரையையோ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு மருந்து, அதற்கு விஷம்.

அடுத்தது தடுப்பூசி. ஒரு ஊசி போட்டாயிற்றே, போதாதா என்பார்கள். பிறந்த குட்டி தாயின் சீம்பாலிலிருந்து எதிர்ப்புப் பொருளைக் கடன் வாங்கியிருக்கும். கடன் தீரும்வரை அது குட்டியை நோயிலிருந்து காக்கும், தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு; ஆறு வாரத்திலும் தீரலாம், பதினாறிலும் தீரலாம். அதனால் ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் வரை போடுகிறார்கள். அதற்கிடையில் பார்வோ வைரஸ் புகுந்துவிடும். 1970களின் கடைசியில் தோன்றி ஓரிரு ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய இந்த வைரஸ், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயிலை நம்ப முடியாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் கொல்லும். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டு வாரமாவது புதுக்குட்டியைத் தனியே வைப்பது இதனால்தான்.

இங்கே ஒரு சிக்கல். ஊசி முடியும்வரை வெளியே விடக் கூடாது. ஆனால் மூன்று முதல் பன்னிரண்டு பதினான்கு வாரம் வரையில்தான் குட்டியின் மூளை உலகத்தைப் பழகிக்கொள்கிறது. அப்போது பார்க்காததைப் பின்னால் பயந்தே பார்க்கும். அமெரிக்காவின் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்து ஆராய்ந்து 1965ல் எழுதிய புத்தகம் இதை விரிவாகக் காட்டியது. இதற்குத் தீர்வு எளிது, கையில் தூக்கிக்கொண்டு போங்கள். தரையில் கால் படாமல் பஸ் ஹாரன், கோயில் மணி, தாடிக்காரத் தாத்தா, குடை, மாடு எல்லாவற்றையும் காட்டுங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாவது மாதத்தில். பாஸ்டரின் வெறிநோய் ஊசி முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போடப்பட்ட ஜூலை 6ஐ ஒட்டிப் பல ஊர் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். தெருவிலிருந்து வந்த குட்டி கடித்தாலும் பிறாண்டினாலும், குட்டிதானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதெல்லாம் பழைய கதை, இப்போது கையில் சில ஊசிகள்தான்.

ஆறு மாதத்தை ஒட்டிக் கருத்தடை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சென்னையில் 1959ல் தொடங்கிய பிராணி நல அமைப்பான புளூ கிராஸ் இதை வலியுறுத்தி வந்தது. 1996ல் சென்னை மாநகராட்சி தெரு நாய்களைக் கொன்று குவிப்பதை விட்டு இந்த வழிக்கு வந்தது. காது நுனி வெட்டிய தெரு நாய் என்றால் கருத்தடை ஆகிவிட்டது என்று அடையாளம்.

கூப்பிடும் சொல்லையும் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தமிழும் தெலுங்கும் கலக்கும் இந்த எல்லைப்புறத்தில் பாட்டி ‘வா’ என்பாள், பக்கத்து வீட்டம்மா ‘ரா’ என்பாள், பையன் ‘கமான்’ என்பான். குட்டி நடுவில் நின்று முழிக்கும்.

விநாயக சவிதிக்கு முந்தின வாரம் குட்டியை எடுத்து வராமல் இருந்தால் நல்லது. காணிப்பாக்கத்தில் அன்று தொடங்கும் பிரம்மோற்சவம் 21 நாள். தவிலும் வேட்டும் ஓயாது. குட்டி அதற்குள் வந்துவிட்டதென்றால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இழுத்து வெளியே விடாதீர்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு, பழைய வேட்டி ஒன்றை அதன் பக்கத்தில் போட்டு, தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, நீங்களும் அங்கேயே தரையில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள்.